ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: எக்ஸ்சேஞ்ச் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது, 2023 அக்டோபரில் தொடங்கிய குளிர்கால செமஸ்டரை ஜெர்மனியின் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் எக்ஸ்சேஞ்ச் மாணவியாகப் படித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஜூனியர்கள், அவர்களுடைய அப்பா அம்மா, சித்தப்பாவின் நண்பர் மகன் என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

அக்கா, எக்ஸ்சேஞ்ச்னா என்ன? ஜெர்மனிக்குப் படிக்கப் போறதும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. எக்ஸ்சேஞ்ச் போகும்போது நீங்கள் உங்கள் கல்லூரி மாணவராகவே இருக்கிறீர்கள். ஃபீஸ் இங்கே கட்டுகிறீர்கள், பட்டமும் இங்கேதான். இரண்டு கல்லூரிகளுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் அங்கே கல்விக்கட்டணம் கேட்க மாட்டார்கள், செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு தொகை மட்டும், ஊரைப் பொறுத்து 150 முதல் 350 யூரோ வரை. பல ஊர்களில் அதிலேயே பஸ், ரயில் பாஸும் அடங்கிவிடும். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், ஆனால் ஒப்பந்தம் வழியாக வரும் எக்ஸ்சேஞ்ச் மாணவருக்கு அது கிடையாது.

இதைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைத்துக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. வெளிநாட்டுப் பல்கலைக்கழக வகுப்பறையில் உட்கார நம் மாதிரி வீடுகளுக்கு இருக்கிற குறைந்த செலவு வழி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஜெர்மனியோடு நமக்குப் பழைய தொடர்பும் உண்டு, ஐஐடி மெட்ராஸே 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டதுதான்.

எங்க காலேஜ்ல இது இருக்கா இல்லையான்னு யாருகிட்ட கேக்கணும்?

இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் ஆபீஸ் என்று ஒரு அறை பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கும், இல்லையென்றால் டீன் அலுவலகம். ஒப்பந்தம் போட்ட கல்லூரிகளின் பட்டியலைக் கேளுங்கள். அதைப் பார்த்து அசந்துவிட வேண்டாம், கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்ததோடு நின்றுபோன ஒப்பந்தங்கள் ஏராளம். "போன இரண்டு வருஷத்தில் இந்தக் கல்லூரிக்கு எத்தனை பேர் போனார்கள், அவர்களில் ஒருவர் நம்பர் கிடைக்குமா?" இந்த ஒரு கேள்வியிலேயே உயிரோடு இருக்கிற ஒப்பந்தம் எது என்று தெரிந்துவிடும்.

எந்த செமஸ்டர்ல போறது நல்லது?

இதற்குச் சுருக்கமான பதில் கிடையாது, ஏனென்றால் நம் காலண்டரும் அவர்கள் காலண்டரும் ஒட்டவே ஒட்டாது. அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி தொடக்கத்தில் முடியும், தேர்வுகள் பிப்ரவரி, மார்ச்சில். கோடை செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை, வகுப்புகள் ஜூலை நடுவில் முடியும். நமக்கோ ஜூலை முதல் நவம்பர், டிசம்பர் அல்லது ஜனவரி முதல் மே. ஆக நீங்கள் குளிர்காலத்துக்குப் போய் எல்லாத் தேர்வையும் எழுதிவிட்டு வந்தால் இங்கே அடுத்த செமஸ்டரில் பாதி ஓடியிருக்கும். அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் கேட்கிற கல்லூரியில் இது சின்ன விஷயம் இல்லை.

நான் ஐந்தாவது செமஸ்டரில் போனேன். கடைசி இரண்டு பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வு வைத்து பிப்ரவரி முதல் வாரத்திலேயே முடித்துத் தரும்படி பேராசிரியர்களிடம் கேட்டேன், ஒருவர் ஒத்துக்கொண்டார், இன்னொருவர் முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் மார்ச்சில்தான் திரும்பினேன், ஆறாவது செமஸ்டரில் விட்ட வகுப்புகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருந்ததால் தப்பித்தேன். ஏழாவது செமஸ்டர் வேண்டாம், கேம்பஸ் பிளேஸ்மென்ட் அப்போதுதான் நடக்கும்.

பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள் என்று ஒரு வகை அங்கே உண்டு, அவற்றில் வகுப்புகள் செப்டம்பர் இரண்டாம் பாதியிலேயே தொடங்கி ஜனவரியில் முடிந்துவிடும். நம் காலண்டருக்கு அது கொஞ்சம் நெருக்கம். எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்டை அங்கே ஒரு லேபில் செய்வது எல்லாவற்றையும்விட வசதி, ப்ராஜெக்டுக்குத் தொடங்கும் தேதியைப் பேசி வைத்துக்கொள்ளலாம்.

ஜெர்மன் தெரியாம போகலாமா?

போகலாம், ஆனால் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்கள் பெரும்பாலும் மாஸ்டர்ஸ் நிலையில்தான், பேச்சலர் பாடங்கள் அதிகம் ஜெர்மனில்தான் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் மாணவர்களைப் பல இடங்களில் மாஸ்டர்ஸ் பாடங்களிலும் உட்கார விடுகிறார்கள். உங்கள் துறையில் விடுவார்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே மெயிலில் கேட்டு பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக்கு வெளியே ஆங்கிலம் மட்டும் போதாது. நகராட்சி அலுவலகம், டாக்டர் வரவேற்பறை, வீட்டுக்காரம்மா, எல்லாம் ஜெர்மன். நுங்கம்பாக்கம் கோத்தே இன்ஸ்டிட்யூட்டிலோ வேறெங்கோ ஏ1 என்கிற முதல் நிலையை முடித்துவிட்டுப் போனால் அந்த ஆறு மாதம் வேறு மாதிரி இருக்கும். நான் ஏ1 பாதியில் விட்டுவிட்டுப் போனேன், அதற்கு இன்னும் வருத்தப்படுகிறேன்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? அப்பாகிட்ட ஒரு நம்பர் சொல்லணும்.

என் கணக்கையே தருகிறேன். ஹாஸ்டல் அறை மாதம் 310 யூரோ, மருத்துவக் காப்பீடு 122, சாப்பாடு 170 (பாதி நாள் சமையல், பாதி நாள் மென்சா என்கிற மாணவர் உணவகம்), போன் 10. இதோடு செமஸ்டர் பங்களிப்பு 310, ஊர் சுற்றியது, ஜாக்கெட் எல்லாம் சேர்த்து ஆறு மாதத்துக்கு 4,600 யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு. விமான டிக்கெட் போக வர 68 ஆயிரம் ரூபாய். யூரோ அப்போது 90 ரூபாயை ஒட்டி இருந்தது, ஆக ஏறக்குறைய 5 லட்சம். இப்போது யூரோ ஏறிவிட்டது, நீங்கள் போகும் நேரத்து விலையை வைத்துப் போடுங்கள். காப்பீடும் மாதம் 150 யூரோ வரை வரலாம்.

ஆனால் அப்பாவிடம் சொல்ல வேண்டிய நம்பர் செலவுக் கணக்கு மட்டும் இல்லை. விசாவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு முடக்கக் கணக்கு என்று ஒன்று, ஜெர்மனில் ஷ்பெர்கோன்டோ. 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ வீதம், ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. முழுப் பணத்தையும் முன்பே போட்டுவிட வேண்டும், அங்கே போய் வங்கிக் கணக்கு தொடங்கியதும் மாதாமாதம் 992 விடுவிப்பார்கள். செலவாகாதது உங்கள் பணம்தான், திரும்பி வரும். ஆனால் ஆறு லட்ச ரூபாயை ஒரே தவணையில் புரட்டுவதுதான் பல வீடுகளில் சிக்கல், எங்கள் வீட்டில் அம்மா நகை பேங்குக்குப் போனது. இந்தத் தொகையை முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள், கடைசி மாதத்தில் சொன்னால் யாருக்கும் தூக்கம் இருக்காது.

ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

இரண்டு கதவுகளைத் தட்டலாம். ஒன்று டிஏஏடி, 1925இல் தொடங்கிய ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு. இன்னொன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ். 1987இல் ஐரோப்பிய மாணவர்களுக்கு என்று ஆரம்பித்த எராஸ்மஸ், இப்போது ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள கல்லூரிகளோடும் ஒப்பந்தம் போட இடம் தருகிறது. உங்கள் கல்லூரிக்கும் அந்தக் கல்லூரிக்கும் அப்படி ஒப்பந்தம் இருந்தால் மாத உதவித்தொகையும் பயணச் செலவும் கிடைக்கும். நீங்களாக நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, கல்லூரிதான் பெயரை அனுப்ப வேண்டும். அதனால் முன்பு சொன்ன அதே அறையில் "எராஸ்மஸ் பிளஸ் இருக்கா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

பார்ட் டைம் வேலை பார்த்து சமாளிச்சுட முடியாதா?

சட்டப்படி வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். நடைமுறையில், போய் இறங்கி, வங்கிக் கணக்கு, வரி எண் எல்லாம் வந்து, ஜெர்மன் தெரியாமல் ஒரு வேலை பிடிக்கும்போது டிசம்பர் ஆகிவிடும், பிப்ரவரியில் தேர்வு. வேலைப் பணத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். கிடைத்தால் சந்தோஷம்.

விசா எத்தனை நாள்ல வரும்?

எத்தனை நாள் என்று எண்ணுவதைவிட, எத்தனை சீக்கிரம் விண்ணப்பிக்க முடியும் என்று பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசா ஆறு மாதத்துக்குச் செல்லாது, ஜெர்மனியின் நீண்ட கால தேசிய விசா வேண்டும், கட்டணம் 75 யூரோ. தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை துணைத் தூதரகம். அனுமதிக் கடிதம் வந்த அன்றே நேரம் பதிவு செய்துவிடுங்கள். தூதரகப் பட்டியலில் எக்ஸ்சேஞ்ச் மாணவர் என்ற பிரிவில் என்ன கேட்டிருக்கிறது என்று பாருங்கள், முழுப் படிப்புக்குப் போகிறவர்களின் பட்டியலை நண்பர் அனுப்பினார் என்று அதை வைத்து ஓடாதீர்கள்.

விசா கையில் வந்ததும் முடியும் தேதியைப் பாருங்கள். கடைசித் தேர்வுக்கு முன்பே முடிகிறதென்றால் அங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் விசா முடிவதற்கு முன்பே.

ரூம் கிடைக்கலன்னா என்ன பண்றது? எல்லாரும் பயமுறுத்தறாங்க.

பயத்தில் நியாயம் இருக்கிறது. மாணவர் நலச் சங்கம் நடத்துகிற ஹாஸ்டலுக்கு, எக்ஸ்சேஞ்ச் இடம் உறுதியான அன்றே பெயர் கொடுங்கள். அதில் கிடைக்கவில்லையென்றால் வேகே என்கிற பகிர்வு வீடு, நாலைந்து பேர் சேர்ந்து சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்வது. அங்கிருக்கிற மாணவர்களும் இதே மாதிரி ஒரு செமஸ்டர் வெளிநாடு போவார்கள் இல்லையா? போகும்போது தங்கள் அறையைச் சாமான்களோடு ஆறு மாதத்துக்கு உள்வாடகைக்கு விடுவார்கள். நம் காலக்கெடுவுக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. அங்கிருந்து உங்கள் கல்லூரிக்கு வந்திருக்கும் மாணவரைத் தேடிப் பிடியுங்கள், அவர் அறையே காலியாக இருக்கலாம்.

ஏமாற்றுக்காரர்கள் எல்லா ஊரிலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், டெபாசிட்டை அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன். என்னோடு வந்த பையன் 600 யூரோ இழந்தான். வீடியோவில் அறையைக் காட்டாதவருக்கு, ஒப்பந்தம் தராதவருக்கு ஒரு சென்ட் அனுப்பாதீர்கள்.

அங்க படிக்கிற பாடத்தை இங்க கணக்குல எடுத்துப்பாங்களா?

எல்லாக் கேள்வியிலும் முக்கியமான கேள்வி இது, கடைசியாகத்தான் கேட்கிறார்கள், சிலர் திரும்பி வந்த பிறகு கேட்கிறார்கள். அங்கே ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஈசிடிஎஸ் என்கிற ஐரோப்பியப் பொது அளவுகோலில். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வீட்டுப் படிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நமக்கு வாரத்துக்கு இத்தனை மணி வகுப்பு என்பதை வைத்துக் கிரெடிட். இரண்டும் வேறு அளவுகோல், எத்தனை ஈசிடிஎஸ் நம் ஒரு கிரெடிட்டுக்குச் சமம் என்று உங்கள் கல்லூரிதான் சொல்ல வேண்டும், கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

செய்ய வேண்டியது இதுதான். அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் மாட்யூல் விவரம் என்று ஒன்றிரண்டு பக்கம் இருக்கும். அதை அச்செடுத்து, நம் சிலபஸையும் பக்கத்தில் வைத்து, துறைத் தலைவரிடம் உட்கார்ந்து வரிக்கு வரி பொருத்துங்கள். நான் ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தை அப்படி வைத்தபோது நம் சிலபஸில் கதிர்வீச்சு ஒரு முழு யூனிட், அங்கே அரைப் பக்கம். எங்கள் சார் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்த யூனிட்டை நீயா படிச்சு ஒரு டெஸ்ட் எழுதிடும்மா, பாடத்தை ஏத்துக்கறேன்" என்று பென்சிலில் ஓரத்தில் எழுதினார். அந்தப் பென்சில் குறிப்பைப் பேனாவில் எழுதி, தேதி போட்டு, சீல் வைத்துத் தரும்படி கேட்டு வாங்கினேன். அடுத்த வருடம் துறைத் தலைவர் மாறிவிட்டார். சீல் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பாடம் எனக்கு அரியர்.

இந்தப் பொருத்தத்தை எழுதிக் கையெழுத்திடும் தாளுக்குப் பெயர் லேர்னிங் அக்ரிமென்ட். மூன்று கையெழுத்து: நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தக் கல்லூரி. இரண்டு மாற்றுப் பாடங்களுக்கும் சேர்த்தே அனுமதி வாங்குங்கள், அங்கே போனபின் ஏதாவது ஒரு பாடம் அந்த செமஸ்டரில் நடக்காது, இல்லையென்றால் இரண்டு பாடம் ஒரே நேரத்தில் இருக்கும். மாற்றினால் அன்றே மெயிலில் புதிய அனுமதி கேளுங்கள்.

இறங்கினதும் முதல்ல என்ன செய்யணும்?

வீடு புகுந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவு, அன்மெல்டுங். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று இல்லாமல் நடக்காது, சாவி வாங்கும்போதே அதையும் வாங்கிவிடுங்கள். அதன் பிறகு வங்கிக் கணக்கு, முடக்கப் பணம் திறப்பு, காப்பீட்டுச் சான்றோடு கல்லூரிச் சேர்க்கை. ஒன்று தாமதமானால் அடுத்ததும் தாமதம், முதல் மாதச் செலவுக்குக் கையில் தனியாக ஆயிரம் யூரோ வைத்துக்கொள்வது நல்லது. பதிவு முடிந்த கொஞ்ச நாளில் ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் ஒன்று வரும், மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான், பகிர்வு வீடு என்றால் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

பெட்டியில என்ன எடுத்துட்டுப் போகணும்?

சின்ன குக்கர், பருப்புப் பொடி, சாம்பார் பொடி, ரசப் பொடி, அப்புறம் டாக்டர் சீட்டோடு உங்களுக்கு வேண்டிய மருந்து. நெய், பால்கோவா, இறைச்சி இவற்றை வைக்காதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகாது. அம்மாக்கள் கடைசி நிமிடத்தில் துணிக்கு நடுவில் சொருகிவிடுவார்கள், பெட்டியை நீங்களே மூடுங்கள்.

மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான். நம் மூன்று முள் பிளக் மட்டும் போகாது, ஒரு அடாப்டரும் நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் போதும். ஜாக்கெட்டை அங்கே போய் வாங்குங்கள்.

நான் சைவம். சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுவேனா?

மென்சாவில் தினமும் சைவ உணவு இருக்கும், பல நாள் வீகனும் இருக்கும். உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் இரண்டு வாரத்தில் அலுக்கும், அதற்குப் பிறகு சமைப்பீர்கள். அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் ஆசியக் கடைகளில் கிடைக்கும், கொஞ்சம் பெரிய ஊர் என்றால் ஈழத் தமிழர் கடையில் முருங்கைக்காய்கூட. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

தாளிக்கும்போது கவனம். என் ஹாஸ்டலில் மூன்றாவது நாள் எண்ணெயில் கடுகும் காய்ந்த மிளகாயும் போட்டேன், ஜன்னலைத் திறக்கவில்லை. அந்த மிளகாய்க் கமறல் வராந்தா வரை போய், கூரையில் இருந்த புகைக் கருவி அலற, பக்கத்து அறைப் பெண் இருமிக்கொண்டே ஓடி வந்து ஜன்னலை விரியத் திறந்து துண்டால் விசிறினாள். அன்றிலிருந்து ஜன்னலைத் திறந்து, மூடி போட்டு, சிறு தீயில்தான் தாளிப்பு. குளிர்காலத்தில்கூட நாளுக்கு இரண்டு மூன்று முறை ஐந்து நிமிடம் ஜன்னலைத் திறந்து காற்று மாற்றச் சொல்வார்கள், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், வீட்டை விடும்போது டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

கிளாஸ், எக்ஸாம் எல்லாம் நம்ம மாதிரிதானா?

பெரும்பாலான விரிவுரைகளில் அட்டெண்டன்ஸ் இல்லை, இன்டர்னல் மார்க் இல்லை. முழு மதிப்பெண்ணும் கடைசித் தேர்வில். அட்டவணையில் 10 சி.டி. என்று இருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும். விரிவுரை முடிந்ததும் கைதட்ட மாட்டார்கள், மேஜையை விரல் முட்டியால் தட்டுவார்கள், முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன்.

நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற இடம் தேர்வுப் பதிவு. பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்குப் பெயர் போய்விடும் என்று நாம் நினைப்போம். அங்கே தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கெடு, பல இடங்களில் வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும்போதே அது முடிந்துவிடும். எனக்கு ஒரு பாடத்தில் கெடு முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது, நூலகத்தில் பக்கத்தில் இருந்த துருக்கி மாணவி சொல்லித்தான் தெரிந்தது. எழுத விருப்பமில்லை என்றால் கெடுவுக்குள் பெயரை எடுத்துவிடவும் வேண்டும், சும்மா போகாமல் இருந்தால் பல கல்லூரிகளில் ஃபெயில் என்றே பதிவாகும்.

1.7 வாங்கினேன்னு சொன்னா வீட்ல திட்டறாங்க...

அங்கே 1.0 தான் உச்சம். 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். 1.7 என்றால் நல்ல மதிப்பெண். இதை நம் சிஜிபிஏவுக்கு மாற்ற உங்கள் கல்லூரி எந்த வாய்ப்பாட்டைப் பயன்படுத்துகிறது, அல்லது வெறும் பாஸ் என்று மட்டும் பதிவு செய்யுமா என்பதை லேர்னிங் அக்ரிமென்ட் போடும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். சிஜிபிஏவில் சேராது என்றால் நீங்கள் தைரியமாகக் கொஞ்சம் கடினமான பாடம் எடுக்கலாம்.

தனியா இருக்க முடியுமா அக்கா? எனக்கு வீட்டை விட்டு இருந்து பழக்கமே இல்ல.

நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை கஷ்டமாக இருக்கும். டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் சூரியன், மாலை நாலரைக்கு இருட்டு, பல நாள் வெயிலே வராது. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதோடு நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நான் வகுப்பு முடிந்து அறைக்கு வந்து போனை எடுக்கும்போது வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். அதனால் மதியம் மென்சா வாசலில் நின்றபடி அம்மாவோடு பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

எனக்கு உதவியது வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் போகிற இடம் என்று ஒன்று வைத்துக்கொண்டது, பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் செவ்வாய்க்கிழமை பேட்மின்டன். பொங்கலுக்கு ரயில் ஏறி ஹம் ஊருக்குப் போனேன், அங்கே 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, ஈழத்திலிருந்து வந்தவர்கள் கட்டியது, கோபுரம் எழும்பி நிற்கும். தொழிற்சாலைகளுக்கு நடுவே, பனி ஈரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கற்பூர வாசனை. ஒரு அம்மா "பிள்ளை, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார். மூன்று மாதமாக நேரில் யாரும் என்னைத் தமிழில் அப்படிக் கேட்கவில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் படுக்கையை விட்டு எழ முடியவில்லை, வகுப்புக்குப் போகவில்லை என்றால் அதைத் தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள். மாணவர் நலச் சங்கங்களில் உளவியல் ஆலோசனை இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம், பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம்.

பொண்ணைத் தனியா அனுப்பறது பயமா இருக்கும்மா. அங்க பாதுகாப்பா இருக்குமா? நிறம் பார்த்து நடத்துவாங்களா?

இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து தனியாக நடந்து வந்திருக்கிறேன் ஆன்ட்டி, பல நாள். ரயில் நிலையங்களைச் சுற்றி இரவில் கவனம் வேண்டும், அது சென்னையிலும் உண்டு. அவசரத்துக்கு 112, போலீஸுக்கு 110.

நிற விஷயத்தில் மறைக்காமல் சொல்கிறேன். வாடகை அறை தேடும்போது பெயரைப் பார்த்தே பதில் போடாமல் விட்டவர்கள் உண்டு, பஸ்ஸில் ஒருவர் என்னைப் பார்த்துக் கத்திவிட்டு இறங்கிப் போனார். அன்று உடனே பக்கத்தில் இருந்த பாட்டி என் அருகில் வந்து உட்கார்ந்து என் நிறுத்தம் வரை கூட வந்தார். இரண்டுமே நடந்தது, இரண்டையும் மகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். கல்லூரிக்குள் நடந்தால் புகார் கொடுக்க இடம் இருக்கிறது, சும்மா விட வேண்டாம்.

செமஸ்டர் நடுவுல ஐரோப்பா சுத்திப் பாக்கலாமா?

தாராளமாக. ஜெர்மன் தேசிய விசா இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம், இப்போது ஷெங்கனில் 29 நாடுகள். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், எல்லை தாண்டும் ரயிலில் சோதனை வரும்.

அப்படியே அங்கேயே மாஸ்டர்ஸ் சேர்ந்துட முடியுமா?

எக்ஸ்சேஞ்ச் போனதால் இடம் கிடைத்துவிடாது. இங்கே வந்து பட்டம் முடித்து, மற்றவர்கள் மாதிரியே விண்ணப்பித்து, புதிதாக விசா எடுத்துத்தான் போக வேண்டும். ஆனால் அங்கே எடுத்த மதிப்பெண்ணும், உங்களை நேரில் பார்த்த பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் விண்ணப்பத்தில் பலமாக நிற்கும். கடிதத்தைக் கிளம்பும் முன்பே கேளுங்கள்.

ஒரு பாடத்துல ஃபெயில் ஆயிட்டா? திரும்ப அங்க போய் எழுதணுமா?

பெரும்பாலும் அப்படி யாரும் போக மாட்டார்கள். அங்கே மறுதேர்வு அடுத்த பருவத்தில்தான், அதற்குள் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள். அதற்குச் சமமான பாடத்தை இங்கே அரியராக எழுத வேண்டியிருக்கும், அல்லது கூடுதல் பாடம் எடுத்து ஈடு செய்ய வேண்டும். இதனால்தான் முழு 30 ஈசிடிஎஸ்ஸும் கட்டாயப் பாடங்களாக எடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இரண்டு கட்டாயப் பாடம், மற்றவை எலெக்டிவ், ஒரு மொழிப் பாடம் என்று வைத்தால் ஒன்று தவறினாலும் வருடம் போகாது.

வந்து ரெண்டு மாசம் ஆச்சு, மார்க் ஷீட் இன்னும் வரலயே?

மார்ச்சில் எழுதிய தேர்வின் மதிப்பெண் ஏப்ரலில் ஏறும், முழு மதிப்பெண் பட்டியல் அதற்குப் பிறகுதான். எனக்கு மே நடுவில் வந்தது. இங்கே தேர்வுப் பிரிவு கேட்கும் கடைசித் தேதிக்கு முன்பே நிலைமையைக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். அங்குள்ள இணையக் கணக்கை செமஸ்டர் முடிந்ததும் மூடிவிடுவார்கள், அதற்குள் மதிப்பெண் பக்கத்தையும், எடுத்த பாடங்களின் மாட்யூல் விவரங்களையும் பதிவிறக்கி வையுங்கள்.

கிளம்பும் வாரத்தில் நகராட்சியில் முகவரிப் பதிவை நீக்க வேண்டும், அதைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்துதான் செய்ய முடியும். அந்த நீக்கச் சான்றை வைத்துத்தான் ஒளிபரப்புக் கட்டணம், காப்பீடு, போன் எல்லாவற்றையும் நிறுத்த முடியும். டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் பஸ், ரயிலுக்கான மாதச் சந்தா) எடுத்திருந்தால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பிடித்துவிடுவார்கள். வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள், அறை டெபாசிட் எனக்கு ஜூனில்தான் வந்தது.